பந்தயச் சுற்றில் ஒரு வளைவை ஏன் மாற்றி அமைக்கிறார்கள்?

கார் பந்தயங்களையோ மோட்டார் சைக்கிள் பந்தயங்களையோ சில ஆண்டுகள் தொடர்ந்து பார்த்து வருபவருக்கு ஒரு விஷயம் கண்ணில் படாமல் போகாது. சென்ற ஆண்டு வண்டிகள் முழு வேகத்தில் கடந்துபோன இடத்தில் இந்த ஆண்டு இடமும் வலமுமாக ஒரு நெளிவு வந்திருக்கும். புல்வெளியாக இருந்த ஓரம் தார்ப்பரப்பாகியிருக்கும். வேறொரு சுற்றில் அதற்கு நேர்மாறாக, போட்ட தாரைப் பெயர்த்துவிட்டு மீண்டும் சரளைக் கற்களைக் கொட்டியிருப்பார்கள். எல்லாமே பாதுகாப்புக்காகத்தான் என்று சொல்லப்படும். ஆனால் ஒரே நோக்கத்துக்காகச் செய்யப்படும் மாற்றங்கள் ஏன் இப்படி ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில் போகின்றன என்பதைப் புதிதாகப் பார்க்கத் தொடங்கியவர்களுக்கு யாரும் விளக்குவதில்லை. அதன் அடிப்படை ஒன்றும் கடினமானதல்ல.

முதலில் ஓர் உண்மையை ஏற்றுக்கொள்ள வேண்டும்: பந்தயத்தில் வண்டிகள் தடத்தை விட்டு வெளியேறுவதை எந்த வடிவமைப்பாலும் முற்றிலும் தடுக்க முடியாது. டயர் வெடிக்கலாம், சஸ்பென்ஷன் உடையலாம், பக்கத்தில் வரும் வண்டி உரசலாம், ஓட்டுநர் ஒரு நொடி தாமதமாகப் பிரேக்கை மிதிக்கலாம். ஆகவே சுற்றை வடிவமைப்பவர் ஒவ்வொரு வளைவிலும் நின்று கேட்கும் கேள்வி வேறு: இங்கே கட்டுப்பாட்டை இழக்கும் வண்டி எந்தத் திசையில், எவ்வளவு வேகத்தில் வெளியேறும், அந்த வேகம் எதன்மேல், எவ்வளவு தூரத்துக்குள் கரையும்? இதற்கு அவரிடம் மூன்று வழிகள்தாம் உண்டு. வளைவின் வடிவத்தை மாற்றி வேகத்தையே குறைக்கலாம். தடத்துக்கு வெளியே போதிய வெற்றுப் பரப்பை விட்டு வண்டி நிற்க இடம் கொடுக்கலாம். இரண்டும் முடியாதபோது, மோதலின் அடியைத் தாங்கிக்கொள்ளும் தடுப்பை வைக்கலாம். உலகின் எந்தச் சுற்றிலும் நடக்கும் எந்த மாற்றமும் இந்த மூன்றின் ஏதோ ஒரு கலவைதான்.

இடம் கொடுப்பது எளிதான வழி என்று தோன்றும். ஆனால் வேகம் இரு மடங்கானால் நிற்கத் தேவைப்படும் தூரம் நான்கு மடங்காகும். உலர்ந்த தார்ப்பரப்பில் நன்றாகப் பிரேக் பிடிக்கும் ஒரு வண்டி, புவியீர்ப்பு முடுக்கத்துக்குச் சமமான அளவில் வேகம் குறைகிறது என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 100 கி.மீ. வேகத்திலிருந்து நிற்க அதற்குச் சுமார் 40 மீட்டர் போதும்; 200 கி.மீ. என்றால் சுமார் 160 மீட்டர், 300 கி.மீ. என்றால் 350 மீட்டருக்கும் மேல். இது சக்கரங்கள் நான்கும் தரையில் இருந்து, பிரேக்கும் வேலை செய்யும்போதுள்ள கணக்கு. பின்னால் மலையோ, ஆறோ, சாலையோ இருக்கும் ஒரு வளைவுக்கு வெளியே 350 மீட்டர் வெற்று நிலத்துக்கு எங்கே போவது? அந்த இக்கட்டிலிருந்துதான் பெரும்பாலான தட மாற்றங்கள் பிறக்கின்றன.

இத்தாலியின் இமோலா சுற்றில் உள்ள தம்புரெல்லோ வளைவைவிடத் தெளிவாக இதைக் காட்டும் இடம் வேறில்லை என்று நினைக்கிறேன். 1994 வரை அது மணிக்கு ஏறத்தாழ 300 கி.மீ. வேகத்தில், ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுக்காமலே கடக்கப்பட்ட, நீண்ட இடப்பக்க வளைவு. அதன் வெளிப்புறத்தில், தடத்திலிருந்து அதிகத் தொலைவு இல்லாமல், ஒரு கான்கிரீட் சுவர் இருந்தது. சுவருக்குப் பின்னால் சான்டெர்னோ ஆறு ஓடுகிறது. வண்டி சரியாக இருக்கும்வரை அந்த வளைவில் ஓட்டுநருக்கு அதிக வேலை இல்லை; ஆனால் வண்டியில் ஏதாவது ஒன்று உடைந்தால், திறமை எவ்வளவு இருந்தும் பயனில்லாத இடம் அது. 1987-இல் நெல்சன் பிக்கே என்ற ஓட்டுநர் அங்கே பயிற்சி ஓட்டத்தில் மோதினார். 1989-இல் கெர்ஹார்ட் பெர்கரின் காரில் முன்புற இறக்கை பழுதாகி, கார் நேராகச் சுவரில் மோதித் தீப்பிடித்தது. தீயணைப்புக் குழுவினர் நொடிகளில் வந்து சேர்ந்ததால் அவர் உயிர் பிழைத்தார். ஆபத்து எல்லோருக்கும் தெரிந்திருந்தது. ஆனால் ஆற்றை நகர்த்த முடியாது என்ற இடத்திலேயே பேச்சு நின்றுபோனது. 1994 ஏப்ரல் 30 அன்று, சற்றுத் தள்ளியுள்ள வில்நெவ் வளைவுப் பகுதியில் ரோலாண்ட் ராட்ஸென்பெர்கர் உயிரிழந்தார். மறுநாள் தம்புரெல்லோவில் அயர்டன் சென்னா.

சுவரைப் பின்னால் தள்ள முடியாதென்றால், சுவரை நோக்கி வரும் வேகத்தைத்தான் குறைக்க வேண்டும். 1995-ஆம் ஆண்டுப் பந்தயத்துக்குள் தம்புரெல்லோ மெதுவாகக் கடக்க வேண்டிய நெளிவாக மாறியது. வில்நெவ் வளைவும் அப்படியே மாற்றப்பட்டது. நெளிவாக்கியதில் இரண்டு பலன்கள் கிடைத்தன. வேகம் குறைந்தது ஒன்று. நெளிவின் கோடு பழைய வளைவின் உட்புறமாகச் செல்வதால், சுவருக்கும் தடத்துக்கும் இடையில் முன்பு இல்லாத இடம் உருவானது மற்றொன்று. ஆற்றைத் தொடாமலே இடம் கிடைத்துவிட்டது. இந்த எளிய தீர்வு 1989-இலேயே சாத்தியமாக இருந்தது என்பதை நினைக்கும்போது வருத்தம் தோன்றாமல் இருப்பதில்லை.

இப்படி நேர்த்தடத்திலோ வேகமான வளைவிலோ இடம்-வலமாகச் செருகப்படும் குறுகிய நெளிவைத்தான் சிக்கேன் என்கிறார்கள். வளைவின் ஆரம் சிறிதாகச் சிறிதாக அதைக் கடக்கக்கூடிய வேகம் குறையும். ஆனால் வேகத்தைப் பாதியாக்க ஆரத்தைக் கால் பங்காக்க வேண்டும் என்பதால், ஒரு வளைவைச் சற்றே இறுக்குவதால் பெரிய பலன் கிடைப்பதில்லை. அதனால்தான் சிக்கேன்கள் கூர்மையாகவே கட்டப்படுகின்றன. இத்தாலியின் மற்றொரு சுற்றான மொன்சாவில் 1971-இல் நடந்த பந்தயத்தில் பீட்டர் கெத்தின் மணிக்குச் சராசரியாக 242 கி.மீ.-க்கும் மேலான வேகத்தில் ஓட்டி, ஒரு நொடியில் நூறில் ஒரு பங்கு இடைவெளியில் வென்றார்; அடுத்த ஆண்டே அங்கே சிக்கேன்கள் வந்தன. பிரான்சின் லே மான் சுற்றில் 6 கி.மீ. அளவுக்கு நீண்டிருந்த நேர்த்தடத்தில் கார்கள் மணிக்கு 400 கி.மீ.-ஐத் தாண்டியபின், 2 கி.மீ.-க்கு மேல் தடையற்ற நேர்த்தடம் கூடாது என்ற விதியை நிறைவு செய்ய, 1990-இல் அதை இரண்டு சிக்கேன்களால் மூன்றாக வெட்டினார்கள்.

ஆனால் சிக்கேன் ஆபத்தை அழிப்பதைவிட இடம் மாற்றுகிறது என்று சொல்வதே பொருத்தம். முன்பு தடையின்றி ஓடிய இடத்தில் இப்போது எல்லோரும் ஒரே நேரத்தில் கடுமையாகப் பிரேக் பிடிக்கிறார்கள். பந்தயத்தின் முதல் ஓட்டச்சுற்றில், வண்டிகள் நெருக்கமாக வரும்போது, அங்கேதான் மோதல்கள் நிகழும். 2000-ஆம் ஆண்டு மொன்சா பந்தயத்தின் முதல் ஓட்டச்சுற்றில் இரண்டாம் சிக்கேனுக்கு முன் நிகழ்ந்த கூட்டு மோதலில் பறந்துவந்த சக்கரம் தாக்கி, தடத்தோரம் பணியில் இருந்த தீயணைப்புத் தன்னார்வலர் பாவ்லோ ஜிஸ்லிம்பெர்த்தி உயிரிழந்தார். ஆகவே ஒரு சிக்கேனைக் கட்டும்போது, அதற்கு முன்னுள்ள பிரேக் பகுதியில் நிகழக்கூடியவற்றையும் சேர்த்தே கணக்கிட வேண்டியிருக்கிறது. அதிலிருந்து வெளிவரும் வேகம் அடுத்த வளைவுக்குள் நுழையும் வேகத்தையும் மாற்றிவிடுகிறது. ஒரு வளைவைத் தனியாகத் திருத்திவிட்டதாக எந்தச் சுற்றும் சொல்லிக்கொள்ள முடியாது.

அடுத்து, தடத்துக்கும் தடுப்புக்கும் இடையே விடப்படும் வெற்றுப் பரப்பு. இதை ரன்-ஆஃப் என்பார்கள். அதில் என்ன போடுவது என்பதுதான் சுற்றுகளிடையே ஓயாத விவாதம். பழைய வழி சரளைப் படுகை: கூர்முனைகள் இல்லாத சிறிய உருண்டைக் கற்களைச் சுமார் கால் மீட்டர் ஆழத்துக்கு நிரப்புவது. சக்கரம் அதில் புதைந்து, கற்களைத் தள்ளிக்கொண்டு போவதால் வேகம் கரைகிறது. பிரேக் வேலை செய்யாத வண்டியையும் அது பிடித்து நிறுத்தும் என்பது அதன் பெரிய நன்மை. ஆனால் மிக அதிக வேகத்தில், அடிப்புறம் தட்டையான பந்தயக் கார், குளத்து நீரில் வீசிய தட்டைக் கல் தத்திச் செல்வதுபோல் சரளையின் மேல் தாவிப் போகும். பக்கவாட்டில் நுழையும் காரின் சக்கரம் சரளையில் ஊன்றிக்கொண்டால் கார் கவிழும்.

2022-இல் பிரிட்டனின் சில்வர்ஸ்டோனில் நடந்தது இதன் எல்லையைக் காட்டியது. தொடக்கத்தில் ஏற்பட்ட மோதலில் ஜோ குவான்யுவின் கார் தலைகீழாகக் கவிழ்ந்து, அப்படியே வழுக்கியபடி சரளைப் படுகையை அடைந்தது. புதைவதற்குச் சக்கரங்கள் கீழே இல்லாததால் வேகம் போதிய அளவு குறையவில்லை. கார் தூக்கி எறியப்பட்டு, டயர் தடுப்பைத் தாண்டி, தடுப்புக்கும் பார்வையாளர் முன்னுள்ள உயர்ந்த வலைவேலிக்கும் இடையில் விழுந்து சிக்கியது. ஓட்டுநரின் தலையை, அதற்கு மேலே வளைந்து நிற்கும் ஹேலோ என்ற பாதுகாப்பு வளையம் காத்தது. பார்வையாளர்களை அந்த வேலி காத்தது. ஒன்றன்பின் ஒன்றாக வைக்கப்பட்ட பாதுகாப்புகளில் இரண்டு கைவிட்டபின் மூன்றாவது வேலை செய்தது. ஒரே ஏற்பாட்டை நம்பிச் சுற்றுகள் கட்டப்படாததன் காரணம் இதுதான்.

சரளையின் குறைகளைக் கண்டு, பல சுற்றுகள் ரன்-ஆஃப் பகுதிகளில் தார் போட்டன. சக்கரங்கள் தரையில் இருந்தால் தாரில் பிரேக்கும் ஸ்டியரிங்கும் வேலை செய்யும். ஓட்டுநர் காரை மீட்டுப் பந்தயத்துக்குத் திரும்பலாம். சரளையில் சிக்கிய காரை இழுக்கப் பணியாளர்கள் ஆபத்தான இடத்துக்குப் போக வேண்டியதில்லை. ஆனால் தவறுக்குத் தண்டனை இல்லாத இடத்தில் எல்லைக்கோட்டைத் தாண்டி ஓட்டுவதே வேகமான வழியாகிவிட்டது. அதைத் தடுக்க, தடத்தின் ஓரத்தில் உருளை வடிவில் உயர்ந்த ஓர மேடுகளை, அதாவது கர்ப்களை, பதித்தார்கள். அவை வேறொரு கேட்டை உண்டாக்கின. 2019-இல் மொன்சாவின் கடைசி வளைவில் அப்படிப்பட்ட ஒரு கர்ப்பின்மீது ஏறிய அலெக்ஸ் பெரோனியின் ஃபார்முலா 3 கார் வானில் சுழன்று தடுப்பின் உச்சியில் போய் விழுந்தது. அவருக்கு முதுகெலும்பு முறிந்தது. அந்த வாரயிறுதியிலேயே கர்ப்பை அகற்றினார்கள். விதிமீறலைத் தடுப்பதற்கான பொருளைப் பாதுகாப்புக்கான இடத்தில் வைப்பது தவறு என்றே நான் கருதுகிறேன். அதைவிட நல்ல வழி இருக்கிறது. ஆஸ்திரியாவின் ரெட் புல் ரிங் சுற்றில் 2023 பந்தயத்தின்போது எல்லை மீறல் எனச் சந்தேகிக்கப்பட்டவை மட்டும் 1200-ஐத் தாண்டின. அடுத்த ஆண்டு கடைசி இரண்டு வளைவுகளின் ஓரத்தில் குறுகிய சரளைப் பட்டை ஒன்றைப் போட்டார்கள். அதைத் தாண்டித் தார்ப்பரப்பு அப்படியே இருந்தது. எல்லை மீறினால் நேரம் போகும். கட்டுப்பாடு போனால் பிரேக் பிடிக்க இடமும் உண்டு.

இதுவரை சொன்னதில் பெரும்பகுதி கார்களுக்கானது. மோட்டார் சைக்கிள்களும் ஓடும் சுற்றில் கணக்கே மாறுகிறது. காரில் மோதலைத் தாங்கும் கூடு ஓட்டுநரைச் சுற்றி இருக்கிறது. மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்தவருக்கு அவருடைய உடையும் தலைக்கவசமும்தான். விழுந்தபின் ஓட்டுநரும் வண்டியும் தனித்தனியாக வழுக்குகிறார்கள். பிரேக் என்ற பேச்சே இல்லை. தார்ப்பரப்பில் விழுந்த வண்டி அதிகம் வேகம் குறையாமலே தடுப்பு வரை போய்விடும். சரளை அதைப் பிடித்துக்கொள்ளும். சரளையில் உருளும் ஓட்டுநருக்கு எலும்பு முறியலாம் என்றாலும், சுவரை அடையாமல் நிற்பதே அவருக்குப் பெரிது. வழுக்கும் வண்ணப்பூச்சு, ஈரமான செயற்கைப் புல், உயர்ந்த கர்ப் ஆகியவை நான்கு சக்கரங்களுக்குச் சிறு தொந்தரவு. இரண்டு சக்கரங்களுக்கு அவையே விழக் காரணம். கார்களைத் தடுக்கும் டயர் அடுக்கில் மனிதர் மோதினால் அது போதிய அளவு நெகிழாது என்பதால், அதன் முன் காற்றடைத்த மெத்தைகளை வைக்க வேண்டியிருக்கிறது. 2003-இல் ஜப்பானின் சுசுகா சுற்றில், தடத்துக்கு மிக நெருக்கமாகத் தடுப்பு இருந்த பகுதியில் டைஜிரோ காட்டோ மோதி உயிரிழந்தபின், மோட்டோஜிபி எனப்படும் முதன்மையான மோட்டார் சைக்கிள் பந்தயத் தொடர் அங்கே திரும்பவே இல்லை. கார் பந்தயமோ இன்றுவரை நடக்கிறது.

ஸ்பெயினின் பார்சிலோனா சுற்று இரு தரப்பையும் ஒன்றாகக் காட்டும். கார்களின் வேகத்தைக் குறைக்க 2007-இல் அங்கே கடைசி வளைவுக்கு முன் ஒரு சிக்கேன் கட்டப்பட்டது. மோட்டார் சைக்கிள்கள் பழைய வேகமான வழியிலேயே ஓடின. 2016 ஜூன் மாதப் பயிற்சி ஓட்டத்தில், தார் போடப்பட்ட ரன்-ஆஃப் இருந்த பன்னிரண்டாம் வளைவில் லூயிஸ் சலோம் விழுந்தார். அவரும் வண்டியும் தடுப்பு வரை வழுக்கிச் சென்றதில் அவர் உயிரிழந்தார். அந்த வாரயிறுதியின் எஞ்சிய ஓட்டங்களைக் கார்களின் தடத்துக்கு, சிக்கேன் வழியாக, உடனே மாற்றினார்கள். அது தற்காலிக மருந்து. 2018-க்குள் அந்தப் பகுதியின் ரன்-ஆஃப் பரப்பை விரித்து, சரளையை நீட்டி, மோட்டார் சைக்கிள்களைப் பழைய வழிக்கே திருப்பினார்கள். கடைசியில் 2023-இல் கார்களும் சிக்கேனைக் கைவிட்டன. இடம் கிடைத்தால் வேகத்தைக் குறைக்க வேண்டியதில்லை என்ற கணக்கு அங்கே மெய்ப்பட்டது.

ரெட் புல் ரிங்கில் அந்தக் கணக்குப் பலிக்கவில்லை. 2020 ஆகஸ்டில் யோஹான் சார்கோவும் ஃபிராங்கோ மோர்பிடெல்லியும் அதிவேகத்தில் மோதிக்கொண்டபோது, அவர்களுடைய வண்டிகள் மூன்றாம் வளைவைக் குறுக்காகக் கடந்து, அதே வளைவில் மெதுவாகத் திரும்பிக்கொண்டிருந்த வாலென்டினோ ரோஸ்ஸியையும் மேவரிக் வின்யாலெஸையும் மயிரிழையில் தவறவிட்டுப் பறந்தன. அங்கே சுவர் பிரச்சினை அல்ல. ஒரு நேர்த்தடத்தின் நீட்சியில் அதே தடத்தின் அடுத்த பகுதி இருந்ததுதான் பிரச்சினை. ரன்-ஆஃபை எவ்வளவு விரித்தாலும் அது தீராது. அதனால் 2022-இல் அந்த நேர்த்தடத்தின் நடுவே மோட்டார் சைக்கிள்களுக்கு மட்டும் ஒரு சிக்கேன் கட்டப்பட்டது. கார்கள் இன்னும் நேராகவே போகின்றன.

தடுப்புகளைப் பற்றிப் பேசும்போது, மோதும் வேகத்தைவிட மோதும் கோணம் முக்கியம் என்பதை மனத்தில் கொள்ள வேண்டும். மணிக்கு 200 கி.மீ. வேகத்தில் வரும் கார் 10 பாகைக் கோணத்தில் சுவரை உரசினால், சுவரை நோக்கிய வேகம் 35 கி.மீ. மட்டுமே, மீதி சுவரோடு வழுக்குவதில் கழியும். அதுவே 30 பாகையானால் 100 கி.மீ. ஆகிவிடும். நேர்த்தடங்களின் ஓரத்தில் சுவர் நெருக்கமாகவும் தடத்துக்கு இணையாகவும் நிற்பது இதனால்தான். அங்கே சுவரைப் பின்னால் தள்ளினால், கார் திரும்பிப் பெரிய கோணத்தில் மோத வாய்ப்புக் கூடும். 2020-இல் பஹ்ரைனில் ரொமேன் குரோஷான் மணிக்கு 192 கி.மீ. வேகத்தில், 29 பாகைக் கோணத்தில் இரும்புத் தடுப்பில் மோதினார். சுவரை நோக்கிய வேகம் 90 கி.மீ.-க்கும் அதிகம். தடுப்பின் தகடுகள் பிளந்து, காரின் முன்பகுதி அவற்றின் நடுவே புகுந்து தீப்பற்றியது. புவியீர்ப்பைப் போல 67 மடங்கு விசையைத் தாங்கிய அவர் தாமாகவே வெளியேறினார்.

அந்த விசையைக் குறைப்பதுதான் தடுப்பின் வேலை. மணிக்கு 100 கி.மீ. வேகம் அரை மீட்டர் தூரத்தில் நின்றால் புவியீர்ப்பின் சுமார் 80 மடங்கு விசை. ஒன்றரை மீட்டரில் நின்றால் 26 மடங்கு. தடுப்பு கூடுதலாக நசுங்கும் ஒவ்வொரு சென்டிமீட்டரும் உயிரைக் காக்கக்கூடியது. பல வரிசைகளாக அடுக்கி ஒன்றோடொன்று பிணைத்த டயர்களும், அவற்றின் முன்னால் கட்டப்படும் கன்வேயர் பெல்ட்டும் இதற்காகத்தான். காரின் கூர்மையான மூக்கு டயர்களுக்கிடையே நுழையாமல் அந்த பெல்ட் அடியைப் பரப்புகிறது. அமெரிக்காவின் இண்டியானாபோலிஸ் வட்டத்தடத்தில் 2002-இல் வந்த சேஃபர் தடுப்பு, எஃகுச் சட்டத்துக்கும் கான்கிரீட் சுவருக்கும் இடையே நுரைப்பொருள் கட்டிகளை வைத்து அதே வேலையைச் செய்கிறது.

மோதியபின் கார் எங்கே போய் நிற்கும் என்பதும் தடுப்பைச் சேர்ந்த விஷயமே. பெல்ஜியத்தின் ஸ்பா சுற்றில் ரைடியோன் ஏற்றம் குன்றின் உச்சியில் முடிகிறது. தடுப்பில் மோதித் தடத்துக்கே திரும்பிவந்த கார் அப்பால் நின்றால், பின்னால் வருபவருக்கு அது தெரியாது. 2019-இல் அங்கே மோதல்களில் சிக்கிய அந்துவான் ஹூபேர் உயிரிழந்தபின், 2022-இல் ரன்-ஆஃப் விரிவாக்கப்பட்டு, தடுப்புகள் தள்ளி வைக்கப்பட்டன. பல வளைவுகளில் சரளையும் திரும்பியது. ஆயினும் 2023 ஜூலையில், மழையில், அந்த ஏற்றத்தை அடுத்த நேர்த்தடத்தில் டிலானோ வான்ட் ஹோஃப் பல கார்கள் சிக்கிய மோதலில் இறந்தார். நீர்த்திரையால் முன்னே எதுவும் தெரியாத நிலையைத் தடுப்போ சரளையோ சரிசெய்யாது. அதற்கு மின்விளக்குப் பலகைகள், வடிகால், பந்தயத்தை நிறுத்தும் துணிவு ஆகியவை வேண்டும்.

ரன்-ஆஃப் வெறுமையாக இருந்தால்தான் ரன்-ஆஃப். 2014-இல் சுசுகாவில், விபத்துக்குள்ளான காரைத் தூக்கிக்கொண்டிருந்த கனரக வாகனத்தில் ஜூல்ஸ் பியாங்கி மோதினார். பின்னர் அக்காயங்களாலேயே இறந்தார். 2015 முதல் எல்லா ஓட்டுநர்களையும் ஒரே நேரத்தில் வேகம் குறைக்கச் செய்யும் மெய்நிகர் பாதுகாப்புக் கார் விதி நடைமுறைக்கு வந்தது. நின்றுபோன காரை விரைவில் தள்ளி மறைக்கத் தடுப்பின் இடையே சந்துகள் விடுவதும் இதே தேவையால்தான். ஆனால் சந்தின் முனை தடத்தை நோக்கி நின்றால் அதுவே நேர்மோதலுக்கு இடமாகும் என்பதால், அதன் விளிம்பை எங்கே, எந்தச் சாய்வில் வைப்பது என்பது மீண்டும் கோணக் கணக்குக்கே வருகிறது.

இந்த மாற்றங்களைச் சுற்றின் உரிமையாளர் தம் விருப்பப்படி செய்துவிட முடியாது. கார்களுக்கு எஃப்ஐஏ, மோட்டார் சைக்கிள்களுக்கு எஃப்ஐஎம் என இரு உலக அமைப்புகள் தனித்தனியாகத் தரச்சான்று அளிக்கின்றன. கார்களுக்கான தரங்களில் முதல் தரம் பெற்ற சுற்றில்தான் ஃபார்முலா 1 நடக்கலாம். சான்றுக்கும் காலவரம்பு உண்டு. வரைபடம் முதலில் கணினியில் சோதிக்கப்படுகிறது. வண்டி எங்கே எந்த வேகத்தில் வெளியேறும் என்று கணித்து, ரன்-ஆஃபின் அகலமும் தடுப்பின் வகையும் முடிவாகின்றன. வேலை முடிந்தபின் ஆய்வாளர் நேரில் வந்து, தடுப்புகளின் பிணைப்பு, சரளையின் ஆழம், கர்ப்பின் உயரம், வேலியின் கம்பங்கள் ஆகியவற்றை இடம் இடமாகப் பார்த்துக் கையெழுத்திட்ட பிறகே அந்தத் தடத்தில் பந்தயம் நடத்த முடியும்.